விண்முகில்களிற் பொசுபரசு: அருமை பற்றிய ஒரு பொருள்முதல்வாத நோக்கு

1

உயிரின் தோற்றம் பற்றிய வினா நெடுங்காலமாகச் சமயத்தினதும் கருத்துமுதல்வாத மெய்யியலினதும் தனியுரிமையாகக் கருதப்பட்டு வந்தது. 1924ஆம் ஆண்டிலே சோவியத் உயிரிரசாயனவியலாளர் ஓப்பாரினும், 1929ஆம் ஆண்டிலே பிரித்தானிய உயிரியலாளர் ஹால்டேனும், ஒருவரை ஒருவர் சாராது, அவ்வுரிமையை மறுத்தனர். உயிரற்ற சடப்பொருளின் நீண்ட இரசாயன வரலாற்றினுள்ளே உயிரின் தோற்றத்தைத் தேடவேண்டும் என்பதே அவ்விருவரதும் நிலைப்பாடாகும். எங்கெல்சின் ‘இயற்கையின் இயங்கியல்’ 1940இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபொழுது அதற்கு முன்னுரை எழுதியவரும் இந்த ஹால்டேனே என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஆயினும் இவ்வாய்வு மரபில் ஒரு குறை நீண்டகாலமாக இருந்து வந்துள்ளது. 1953இல் ஸ்ரான்லி மில்லர் நடத்திய புகழ்பெற்ற பரிசோதனையிலே மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றினூடாக மின்பொறி செலுத்தப்பட்டு அமினோவமிலங்கள் பெறப்பட்டன. அப்பரிசோதனைக் கலத்தினுள் காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகிய நான்கு மூலகங்களும் இருந்தன, பொசுபரசு இருக்கவில்லை. அமினோவமிலங்களுக்கு அது தேவையில்லை என்பது உண்மை. ஆனால் உயிருள்ள கலம் எதுவும் பொசுபரசின்றி இயங்குவதில்லை. எனவே, பொசுபரசு எங்கே தோன்றியது, எவ்வடிவிற் புவியை வந்தடைந்தது என்னும் வினாக்களுக்கு விடை காணாதவரை உயிரின் தோற்றம் பற்றிய பொருள்முதல்வாத விளக்கம் முழுமை பெற்றதாகாது.

இக்கட்டுரையாசிரியன் இரசாயனவியலாளனல்லன்; இலக்கிய மாணவனே. எனினும் உலகப் பார்வை பற்றிய விவாதங்களில் ஈடுபடுவோர் இயற்கை விஞ்ஞானத்தின் பெறுபேறுகளைப் பொதுச் சூத்திரங்களாக மாத்திரம் அறிந்து வைத்திருத்தல் போதாது. அவற்றைக் குறிப்பான ஒரு பொருளிற் கற்றல் வேண்டும் என்பதே இம்முயற்சிக்கான நியாயமாகும்.

2

பொசுபரசு 1669ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே ஹெனிக் பிராண்ட் என்னும் இரசவாதியாற் பிரித்தெடுக்கப்பட்டது. பொன்னாக்கும் கல்லைத் தேடி மனிதச் சிறுநீரைப் பெருமளவிற் காய்ச்சிய அவர், இருளில் ஒளிரும் வெண்ணிறப் பொருளொன்றைக் கண்டார். ‘ஒளியைத் தாங்குவது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. விடிவெள்ளிக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரும் அதுவே.

மனித உடலின் கழிவிலிருந்து இம்மூலகம் பெறப்பட்டமை தற்செயலன்று. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பொசுபரசு உளது. அதன் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு 85 வீதமளவு, எலும்பிலும் பல்லிலும் அமைந்துள்ளது. எஞ்சியது அளவிற் சிறிதெனினும் அதன் பணி பெரிது. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் நியூக்கிளிக்கமில இழையின் முதுகெலும்பாக அமைவது பொசுபேற்று. கலத்தினுள்ளே சத்தியைக் கொண்டுசெல்லும் அடினோசீன் முப்பொசுபேற்றிலும், கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளிலும் பொசுபேற்று உளது. செய்தி, சத்தி, எல்லை என்னும் மூன்றிலும் ஒரே மூலகம் பங்குகொள்கின்றது.

ஏன் இம்மூலகம்? 1987இல் அமெரிக்க இரசாயனவியலாளர் பிராங்க் வெஸ்ற்ஹைமர் இவ்வினாவை எழுப்பி, தெளிவான விடையொன்றையும் தந்தார். பொசுபோரிக்கமிலம் ஒரே வேளையில் இரு மூலக்கூறுகளைப் பிணைக்க வல்லது. அவ்வாறு பிணைத்த பின்னரும் அது ஒரு மறையேற்றத்தைத் தாங்கி நிற்கும். அவ்வேற்றம் இருவகையிற் பயன்படுகின்றது. ஒன்று, நீர் அப்பிணைப்பைத் தாக்கி உடைப்பதை அது பெரிதும் தாமதப்படுத்துகின்றது. மற்றையது, ஏற்றமுள்ள மூலக்கூறு கொழுப்பு மென்சவ்வைக் கடந்து வெளியே கசிந்துவிடாது தடுக்கின்றது. பிணைப்பு நீரிலே நிலைக்கவும் வேண்டும், நொதியம் தூண்டும்போது விரைவாக உடையவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் பொசுபேற்று ஒருங்கே நிறைவேற்றுகின்றது.

3

இத்துணை இன்றியமையாத மூலகம் பிரபஞ்சத்தில் மிக அரிதாகவே காணப்படுகின்றது. சூரியனின் அமைப்பைச் சான்றாகக் கொண்டால், ஏறத்தாழ 2,000 ஐதரசன் அணுக்களுக்கு ஓர் ஒட்சிசன் அணுவும், 4,000 அளவுக்கு ஒரு காபன் அணுவும், 15,000 அளவுக்கு ஒரு நைதரசன் அணுவும் உள. பொசுபரசோ ஏறத்தாழ 40 இலட்சம் ஐதரசன் அணுக்களுக்கு ஒன்றேயாகும்.

இவ்வருமைக்குக் காரணம் அம்மூலகம் உற்பத்தியாகும் முறையிலுள்ளது. காபன், ஒட்சிசன், சிலிக்கன் போன்ற கருக்கள் ஈலியக் கரு ஒன்றன்மேலொன்றாகச் சேர்வதாலும், அவ்வாறு பிறந்தவை மேலும் இணைவதாலும் உண்டாகும் பிரதான வரிசையைச் சார்ந்தவை. அவற்றின் புரோத்தன் எண் இரட்டையாகும். பொசுபரசின் புரோத்தன் எண்ணோ 15. உறுதியான ஒரேயொரு சமதானியே அதற்குண்டு. பிரதான வரிசைக்குப் புறத்தே, ஒரு பக்கவிளைவாகவே அது தோன்றுகின்றது. பெருந்திணிவுடைய விண்மீன்களின் உட்படைகளிற் காபனும் நேயனும் எரியும்பொழுது வெளிப்படும் நியூத்திரன்களைச் சிலிக்கனின் பாரமான சமதானிகள் கவர்ந்து பொசுபரசாக மாறுகின்றன. பின்னர் அவ்விண்மீன் மீயொளிர் விண்மீனாக வெடிக்கும்போது அது வெளியே வீசப்படுகின்றது.

இது வெறும் கணிப்பு மட்டுமன்று. கசியோப்பியா ஏ எனப்படும் வெடிப்பு எச்சத்தில் இரும்புடன் ஒப்பிடுகையிற் பொசுபரசின் விகிதம், நமது பால்வீதியின் சராசரியிலும் 100 மடங்குவரை உயர்ந்திருத்தல் 2013இல் அளந்து காட்டப்பட்டது. உற்பத்திக் களத்திலேயே உற்பத்திப் பொருள் கண்டுகொள்ளப்பட்டது எனலாம்.

எனினும் விளக்கம் அத்துடன் முற்றுப்பெறவில்லை. பால்வீதியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 74,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள முகிலொன்றிற் பொசுபரசுச் சேர்வைகள் காணப்பட்டமை 2023இல் அறிவிக்கப்பட்டது. அவ்விளிம்புப் பகுதியிற் பெருவிண்மீன்கள் வெடிப்பது அரிது. எனவே சிறுதிணிவு விண்மீன்களும் இம்மூலகத்தை ஆக்கக்கூடுமா, அல்லது உட்பகுதியிலிருந்து அது வெளித்தள்ளப்பட்டதா என்னும் வினாக்கள் எழுந்துள்ளன. கோட்பாட்டுக்கும் அவதானிப்புக்குமிடையே தோன்றும் இத்தகைய முரண்பாடுகளே ஆய்வை முன்னோக்கித் தள்ளுகின்றன.

4

விண்மீன்களுக்கிடைப்பட்ட வெளி வெறுமையானதன்று. ஐதான வாயுவும் நுண்டூசியும் முகில்களாக அங்கு பரந்துள்ளன. நாம் சுவாசிக்கும் வளியின் ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள. அடர்ந்த விண்முகில் ஒன்றில் அதே கனவளவினுள் பத்தாயிரம் முதற் பத்து இலட்சம் வரையிலான மூலக்கூறுகளே இருக்கும். வெப்பநிலையோ பூச்சியத்துக்குக் கீழ் 263 பாகை செல்சியசு அளவாகும். இத்தகைய குளிரிலும் ஐதிலும் இரசாயனத் தாக்கம் எவ்வாறு நிகழ்தல் கூடும்?

மூன்று கட்டங்களாக இதனை நோக்கலாம்.

முதலாவது, ஐதான முகில். இங்கு விண்மீன்களின் கழியூதாக் கதிர்கள் தடையின்றிப் புகுந்து பொசுபரசு அணுவிலிருந்து ஓர் இலத்திரனை அகற்றிவிடுகின்றன. பொசுபரசு நேரயனாக வாயுவிலே திரிகின்றது. 1972இல் ஏவப்பட்ட கொப்பேர்னிக்கஸ் செய்மதி கழியூதா நிறமாலையில் இவ்வயனைக் கண்டறிய உதவியது. இத்தகைய முகில்களிற் பொசுபரசின் கணிசமான பங்கு வாயு நிலையிலேயே உளது என்பது இவ்வழியாகத் தெரியவந்தது. இவ்வயன் குளிர்நிலையில் ஐதரசன் மூலக்கூறுடன் எளிதில் தாக்கம் புரிவதில்லை. பல மூலகங்களுக்குத் திறந்துள்ள முதல் வழி இதற்கு அடைபட்டுள்ளது.

இரண்டாவது, அடர்ந்த முகில். கதிர்கள் உட்புகாத இவ்விருளிற் பொசுபரசின் பெரும்பகுதி வாயுவிலிருந்து மறைந்துவிடுகின்றது. அது தூசித் துணிக்கைகளின் மேற்பரப்பிற் படிந்துவிடுகின்றது என்பதே பொதுவான விளக்கமாகும். அங்கு நீர்ப்பனிக்கட்டியினிடையே அலையும் ஐதரசன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொசுபரசுடன் இணைந்து பொசுபீனை உண்டாக்கும் எனக் கணிப்பு மாதிரிகள் கூறுகின்றன. இக்கட்டத்தில் நிகழ்வது சேமிப்பாகும்.

மூன்றாவது, விண்மீன் பிறக்கும் கட்டம். முகில் தன் ஈர்ப்பினாற் சுருங்கி இளவிண்மீன் ஒன்று உருவாகையில், அதிலிருந்து வாயுத்தாரைகள் செக்கனுக்குப் பல பத்துக் கிலோமீற்றர் வேகத்திற் பீறிட்டுச் சுற்றியுள்ள முகிலை மோதுகின்றன. அம்மோதலின் அதிர்வலை தூசியின் பனிப்படையைச் சிதறடித்து, சேமிக்கப்பட்டிருந்த பொசுபரசை வாயுவுக்கு மீட்டுத் தருகின்றது. வெப்பமுற்ற வாயுவிலே பொசுபீன் உடைந்து தனிப் பொசுபரசு அணு தோன்றும். அது ஐதரொட்சில் மூலிகத்துடன் தாக்கமுற்றுப் பொசுபரசு ஓரொட்சைட்டாகும். ஓரொட்சைட்டு நைதரசன் அணுவுடன் தாக்கமுறும்போது பொசுபரசு நைத்திரைட்டு தோன்றும். இளவிண்மீனின் கழியூதாக் கதிர்களும் இச்சமநிலையை மாற்றுகின்றன.

படிப்படியான சேமிப்பின் பின்னர் திடீர் விடுவிப்பு நிகழும் இவ்வொழுங்கைக் கண்டு, அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்ற விதியை இங்கு ஒப்புவிக்கும் ஆவல் எமக்கு எழலாம். அவ்விடத்தே எச்சரிக்கை வேண்டும். இயங்கியல் என்பது பரிசோதனைக்குப் பதிலாக வைக்கத்தக்க சூத்திரமன்று. 1948இல் சோவியத் ஒன்றியத்திலே லைசென்கோவின் கருத்துகளே சரியானவையென அதிகாரத்தின் துணையுடன் நிறுவப்பட்டு, பிறப்புரிமையியல் ஒடுக்கப்பட்டமையும் அதனால் விளைந்த சேதமும் முற்போக்காளர் எவரும் மறக்கலாகாத பாடங்களாகும். தாக்கத்தின் வேகமும் வெப்பநிலையும் அளந்தறியப்பட வேண்டியவை. மெய்யியல் அவற்றை முன்கூட்டியே தீர்மானித்தல் இயலாது.

5

அளந்தறியும் பணி எவ்வாறு நடைபெற்றது? ஒவ்வொரு மூலக்கூறும் சுழலும்போது தனக்கேயுரிய அலைநீளங்களிற் கதிர்வீசும். ஆய்வுகூடத்தில் அவ்வலைநீளங்களைத் துல்லியமாக அளந்தபின், வானொலித் தொலைகாட்டியினால் அதே அலைநீளத்தில் வானத்தை நோக்கலாம். பொசுபரசு நைத்திரைட்டின் அத்தகைய கோடுகளுள் ஒன்று ஏறத்தாழ 3.2 மில்லிமீற்றர் அலைநீளத்தில் அமைந்துள்ளது. 1987இல் லூசி ஸியூரிஸ் ஒருபுறமும் டேர்ணர், பாலி ஆகியோர் மறுபுறமுமாக, ஓரியன் முதலிய முகில்களில் இச்சேர்வையைக் கண்டறிந்தனர். விண்முகில்களிற் காணப்பட்ட முதலாவது பொசுபரசு மூலக்கூறு இதுவே. வெஸ்ற்ஹைமரின் கட்டுரை வெளிவந்த ஆண்டும் அதுவேயாகும்.

ஆனால் உயிரிரசாயனத்துக்கு மிக நெருக்கமானது பொசுபரசுக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலான பிணைப்பாகும். பொசுபரசு ஓரொட்சைட்டு முதலில் 2007இல், பெருநாய் விண்மீன் குழுவிலுள்ள முதிர்ந்த செம்பேருருவ விண்மீனொன்றைச் சூழ்ந்த வாயுவிலே கண்டறியப்பட்டது. விண்மீன் பிறக்கும் முகில்களில் அது காணப்படுவதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரிவியாவும் அவர்தம் குழுவினரும் இரு பெருமுகில்களில் இதனைக் கண்டு, நைத்திரைட்டினும் ஓரொட்சைட்டே கூடுதலாக உள்ளதெனக் காட்டினர். எனினும் இவ்விரண்டின் அளவும் மிகச் சிறிது. ஆயிரம் கோடி ஐதரசன் மூலக்கூறுகளுக்கு ஒன்று அல்லது சிலவே அங்கு உள. முகிலிலிருக்கவேண்டிய மொத்தப் பொசுபரசில் இது நூற்றிலொரு பங்குக்கும் குறைவாகும். ஏனையது திண்மத்திலே உறைகின்றது.

2020இல் வெளியான ஆய்வொன்று இவ்வரலாற்றின் இரு முனைகளை இணைத்தது. சிலி நாட்டின் அற்றகாமாப் பாலைநிலத்திலுள்ள அல்மாத் தொலைகாட்டித் தொகுதி, விண்மீன்கள் பிறக்கும் ஏ.எவ்.ஜி.எல். 5142 என்னும் பகுதியை விரிவாக நோக்கியது. வாயுத்தாரைகள் முகிலிற் குடைந்த குழிவின் சுவர்களிலேயே பொசுபரசு மூலக்கூறுகள் திரண்டிருத்தல் புலனாயிற்று. அதே ஆய்வு, ரொசெற்றா விண்கலம் 2014 முதல் 2016 வரை உடன்சென்று ஆராய்ந்த சூரியூமோவ்–கெரசிமென்கோ வால்வெள்ளியின் தரவுகளையும் மீள நோக்கியது. அவ்வால்வெள்ளியின் வாயுவிலும் பொசுபரசின் பிரதான வடிவம் ஓரொட்சைட்டே எனக் கண்டறியப்பட்டது. வால்வெள்ளிகள் சூரியமண்டலம் தோன்றிய காலத்து எச்சங்கள். எனவே முகிலில் ஆக்கப்பட்ட சேர்வை பனியிலே பேணப்பட்டுக் கோள்களை வந்தடையும் பாதையொன்று உண்டு என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

6

இத்தரவுகள் எமது நாட்டுடன் தொடர்புடைய விவாதமொன்றையும் தெளிவுபடுத்துகின்றன. கொழும்பிற் பிறந்து கேம்பிறிட்ஜிற் பயின்ற சந்திர விக்கிரமசிங்க, பிரெட் ஹொயிலுடன் இணைந்து விண்டூசியின் இயல்பு பற்றிப் பல ஆய்வுகளைச் செய்தவர். அத்தூசியிற் சேதனப் பொருள் கணிசமாக உளது என 1970களில் அவர் வாதிட்டமை துணிச்சலான கருத்தாகும். சேதனப் பொருள் விண்வெளியிற் பரவலாக உளது என்பது பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அவ்விருவரும் அத்துடன் நின்றாரல்லர். தூசித் துணிக்கைகளின் பெரும்பகுதி உலர்ந்துறைந்த பற்றீரியாக்களே என்றும், புவியின் உயிர் விண்ணிலிருந்து வந்ததென்றும் அவர்கள் கூறினர். உலர்த்திய பற்றீரியாக்களின் செங்கீழ் நிறமாலை, பால்வீதி மையத்திசையிற் பெறப்பட்ட நிறமாலையை ஒத்திருத்தலை அவர்கள் சான்றாகக் காட்டினர். அவ்வொப்புமை காபன்–ஐதரசன் பிணைப்புக்கு உரியது. உயிரற்ற சேதனப் பொருளும் அதனையே தரும்.

இங்கு பொசுபரசு ஒரு சாட்சியாக நிற்கின்றது. கடல் நுண்ணுயிர்களில் ஒரு பொசுபரசு அணுவுக்கு ஏறத்தாழ 106 காபன் அணுக்கள் உள்ளன என்பது ரெட்பீல்ட் விகிதம் எனப்படும். பற்றீரியாக்களில் இவ்விகிதம் பெரும்பாலும் இதனிலும் தாழ்ந்தது. பிரபஞ்சத்திலோ ஒரு பொசுபரசு அணுவுக்கு ஏறத்தாழ 1,000 காபன் அணுக்கள் உள. எனவே விண்முகிலிலுள்ள பொசுபரசு முழுவதையும், ஓரணுவும் எஞ்சாது, பற்றீரியாக்கள் எடுத்துக்கொண்டாலும் காபனிற் பத்திலொரு பங்களவே அவ்வுடல்களில் அடங்கும். ஐதான முகில்களிலோ பொசுபரசின் கணிசமான பங்கு வாயுவில் அயனாகத் திரிவதை நேரிற் கண்டுள்ளோம். அங்கு தூசிக்கு எஞ்சும் பங்கு இன்னும் குறைவு. தூசியின் பெரும்பகுதி பற்றீரியா என்பது இக்கணக்கின் முன் நிலைபெறாது.

இவ்வாதத்தின் முக்கியத்துவம் ஒரு கருதுகோளின் மறுப்புடன் முடிவதன்று. உயிரை விண்ணுக்கு அனுப்பிவிடுவதால் உயிரின் தோற்றம் விளங்கிவிடாது. வினா இடம்பெயர்கின்றது, அவ்வளவே. மாறாக, விண்ணிலிருந்து வந்தது உயிரன்று, உயிருக்கு வேண்டிய மூலப்பொருள் என்று கொள்ளும்போது வினா கூர்மையடைகின்றது. அம்மூலப்பொருள் எவ்வடிவில் வந்தது, எந்நிபந்தனைகளின் கீழ் அது பயன்படுபொருளாயிற்று என்பதை நாம் ஆராயலாம்.

7

புவியிற் பொசுபரசு பெருமளவில் அப்பதைற்று என்னும் கல்சியம் பொசுபேற்றுக் கனியமாகவே உளது. அது நீரில் மிகச் சிறிதளவே கரையும். ஆதிப் புவியின் நீர்நிலைகளில் உயிரிரசாயனத்துக்குப் போதிய பொசுபேற்று எவ்வாறு கிடைத்தது என்பது நீண்டகாலப் புதிராகும். முன்வைக்கப்பட்டுள்ள விடைகளுள் ஒன்று மீண்டும் விண்ணையே சுட்டுகின்றது. இரும்பு விண்கற்களில் ஷ்ரைபர்சைற்று என்னும் இரும்பு–நிக்கல் பொசுபைட்டு உளது. அது நீருடன் தாக்கமுற்று, அப்பதைற்றிலும் எளிதிற் கரைந்து தாக்கம்புரியும் பொசுபரசுச் சேர்வைகளைத் தருதல் 2005ஐ அண்டிய ஆண்டுகளிற் பரிசோதனையாற் காட்டப்பட்டது. இது ஒன்றே வழியென்பதில்லை. 2023இல் சனிக்கோளின் துணைக்கோளான என்செலடசின் உட்கடலிலிருந்து வந்த பனித்துகள்களிற் சோடியம் பொசுபேற்று காணப்பட்டமை, காபனேற்றுச் செறிந்த நீரிற் பொசுபேற்று தாராளமாகக் கரையக்கூடும் என்பதைக் காட்டியது.

இவையனைத்தும் உணர்த்துவது யாதெனில், பொசுபரசின் அருமை வெறும் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று என்பதாகும். விண்முகிலிற் பொசுபரசு உண்டு. ஆனால் தூசியிற் பூட்டப்பட்டுள்ளது. ஆதிப் புவியிலும் அது உண்டு; ஆனால் பாறையிற் பூட்டப்பட்டுள்ளது. எவ்வடிவில் உளது, எவ்வுறவுகளினூடாகச் சுழல்கின்றது என்பவையே அது கிடைப்பதையும் கிடையாமையையும் தீர்மானிக்கின்றன.

சமூக வாழ்விலும் இவ்வுண்மையை, பிறிதொரு தளத்தில், நாம் எதிர்கொள்கின்றோம். மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஊட்டம் நகரத்துக்குச் சென்று மண்ணுக்கு மீளாதொழிவதை லீபிக்கின் ஆய்வுகளைப் பயின்ற மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ நூலிலே சுட்டிக்காட்டினார். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இற் கண்டறியப்பட்ட அப்பதைற்றுப் படிவம் எளிதிற் கரையாதது. நெல்லுக்கு நேரடியாக இடுவதற்கு அது அத்துணை ஏற்றதன்று; தேயிலை, இறப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. அப்படிவத்தைப் பல்தேசிய மூலதனத்திடம் ஒப்படைக்கும் திட்டத்தை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்கனியத்திலுள்ள ஒவ்வொரு பொசுபரசு அணுவும் ஏதோவொரு விண்மீனின் உட்படையிற் பிறந்து, முகிலின் இருளில் உறைந்து, நமது கோளை வந்தடைந்ததேயாகும். அது வந்த வழியை இயற்கை விஞ்ஞானம் கூறும். அது யாருடைய வயலைச் சென்றடையும் என்பதை அவ்விஞ்ஞானம் கூறாது. அவ்விரண்டாம் வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர்கள் மனிதர்களே.